எழுதப்பட்டதெல்லாம் ஒரே வகைச் சொல்லா? பாகூர்ச் செப்பேடும் நம் முன்னோர் கற்பித்த அளவுகோலும்



சென்ற ரமலானுக்குச் சில நாட்களுக்கு முன், வில்லியனூர்ப் பக்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த சகோதரர் இருவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்துடன் நம்மிடம் வந்தனர். அவர்களுடைய பாட்டனார் தம் கைப்பட எழுதி வைத்தது அது. முதற் பக்கத்தில் பிஸ்மி. அடுத்து, அரபு நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியாரில் தொடங்கும் வம்சாவளி. அப்பெரியார் கடல்மீது தொழுகைப் பாயை விரித்து அதிலமர்ந்து கரை சேர்ந்தார் என்றொரு செய்தி. அதன்பின், தம் அத்தா ஒரு துண்டு நிலத்தின் விளைச்சலைப் பள்ளிவாசல் விளக்கெண்ணெய்க்கு விட்டு வைத்தார் என்று நான்கெல்லையுடன் ஒரு குறிப்பு. கடைசியில், இதை மாற்றுபவர் அல்லாஹ்வின் கோபத்துக்கு ஆளாகட்டும் என்று ஒரு வரி.

மூத்தவர், "ஹஜ்ரத், பெரியவர்கள் எழுதி வைத்தது. ஓர் எழுத்தும் பொய்யாகாது. வம்சாவளியை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கப் போகிறேன்" என்றார். இளையவர் பொறியியல் படித்தவர். "பாயில் உட்கார்ந்து கடலைக் கடந்தார் என்று எழுதியவருடைய பேச்சை எப்படி நம்புவது? அதுவே கதை என்றால் நிலத்தைப் பற்றி எழுதியதும் கதைதான்" என்றார். அந்த நிலம் இன்றும் அவர்கள் குடும்பத்தின் அனுபவத்தில்தான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றாலும் செய்த பிழை ஒன்றே. பல வகைச் சொற்கள் அடங்கிய ஒரு நோட்டை ஒரே சொல்லாகக் கருதி, முழுவதையும் கொள்வது அல்லது முழுவதையும் தள்ளுவது என்று முடிவு கட்டினார்கள். இந்தப் பிழை நம் வீடுகளில் பெருகி வருகிறது. 2025ஆம் ஆண்டு வக்ஃபு சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஜமாஅத்துகள் பழைய ஏடுகளையும் பத்திரங்களையும் தேடியெடுத்துப் படிக்கும் இக்காலத்தில், எழுத்தை வகை பிரித்து அறிவது அவசியத் தேவையாகிவிட்டது. இதற்குப் பாடம் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வில்லியனூருக்குத் தெற்கே, நம் புதுச்சேரி மண்ணிலேயே உள்ள பாகூர் அந்தப் பாடத்தைச் செம்பில் எழுதி வைத்திருக்கிறது.

மதரஸாவில் படித்த அளவுகோல்

பாகூருக்குப் போகுமுன், நம் முன்னோர் வகுத்த ஓர் அளவுகோலைக் கையிலெடுத்துக் கொள்வோம். பலாகத் பாடத்தின் தொடக்கத்தில் மாணவர்க்குச் சொல்லித்தரப்படுவது, வாக்கியம் இரு வகை என்பது. ஒன்று கபர், மண்ணறையைக் குறிக்கும் கப்ர் அன்று, செய்தி என்னும் பொருள் தரும் கபர். மற்றது இன்ஷா. "நேற்று மழை பெய்தது" என்பது கபர். அதைப் பார்த்து உண்மையா பொய்யா என்று கேட்கலாம். "தொழுங்கள்", "இறைவா, மன்னிப்பாயாக", "எங்கே போகிறாய்?" என்பன இன்ஷா. இவற்றைப் பார்த்து உண்மையா பொய்யா என்று கேட்பது பொருந்தாது. ஏவல், வேண்டுதல், வினா ஆகியவை எதையும் அறிவிப்பதில்லை.

ஃபிக்ஹு அறிஞர்கள் இதை மேலும் கூர்மையாக்கினர். சந்தையில் ஒருவர் "விற்றேன்" என்கிறார். மற்றவர் "வாங்கினேன்" என்கிறார். சொல்லின் உருவம் இறந்தகாலச் செய்தி போல இருக்கிறது. ஆனால் அச்சொல்லே அந்த விற்பனையை நடத்தி வைக்கிறது. ஆகவே அது இன்ஷா. அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி "உண்மையா?" என்பதன்று, "செல்லுமா?" என்பது. விற்றவருக்கு அப்பொருள் உரிமையா, அவர் புத்தி தெளிவுடன் இருந்தாரா என்பவையே அங்கு எழும் வினாக்கள். வக்ஃபும் அப்படித்தான். "வக்ஃபு செய்தேன்" என்பது செயல். "என் அத்தா வக்ஃபு செய்தார்" என்பது செய்தி. முன்னதற்கு அதிகாரம் வேண்டும். பின்னதற்குச் சாட்சி வேண்டும்.

ஹதீஸ் கலையிலும் வகைப்பிரிப்பே முதற்படி. நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சேரும் சொல் மர்ஃபூஃ. ஸஹாபியுடன் நிற்பது மவ்கூஃப். தாபிஈயுடன் நிற்பது மக்தூஃ. மூன்றும் ஒரே நூலின் ஒரே பக்கத்தில் இருக்கலாம். அறிவிப்பாளர் தாம் கூறிய விளக்கம் மூல வாசகத்தோடு கலந்துவிட்டால் அதற்கும் முத்ரஜ் என்று தனிப் பெயர் உண்டு. ஒரு செய்தி பலமானதா பலவீனமானதா என்று எடை போடுமுன், அது யாருடைய சொல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்கிறார்கள். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனமும், தீயவர் கொண்டுவரும் செய்தியை எறிந்துவிடும்படி கூறவில்லை. தீர விசாரித்துத் தெளியும்படியே கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

பாகூர்ச் செப்பேட்டில் நான்கு குரல்கள்

இப்போது பாகூருக்கு வருவோம். 1879ஆம் ஆண்டு அங்கே செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. பின்னர் அது பிரான்சுக்குச் சென்று பாரீசிலுள்ள தேசிய நூலகத்தில் சேர்ந்தது. பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மரின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது அது. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த ஆவணம். மதரஸாவில் பாடம் நடத்தும் நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு நெருக்கம் தோன்றுகிறது. ஆசிரியரும் மாணவரும் வயிற்றுக் கவலையின்றிப் படிக்க நிலத்தின் வருவாயை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை நாம் வக்ஃபு வழியே அறிந்தவர்கள் அல்லவா?

செப்பேட்டின் ஒரு பகுதி வடமொழிச் செய்யுள். மறு பகுதி தமிழ் உரைநடை. ஊன்றிப் பார்த்தால் அதில் நான்கு குரல்கள் கேட்கும்.

முதலாவது, வம்சாவளி. திருமாலின் உந்தியில் தோன்றிய பிரமனில் தொடங்கி, அங்கிரஸ், பிரகஸ்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என இறங்கிப் பல்லவன் என்னும் முன்னோனை அடைகிறது. முஸ்லிம்களாகிய நாம் இதை நம்பிக்கையாக ஏற்பதில்லை. வரலாற்றாசிரியர் எவரும் இதைப் பிறப்புப் பதிவேடாகக் கொள்வதுமில்லை. ஆனால் இது பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. தங்கள் ஆட்சியின் மதிப்பை எதன்மீது நிறுத்த அந்த அரசகுலம் விரும்பியது என்பதற்கு இதுவே முதல்தரச் சான்று. அந்தக் கேள்விக்கு மட்டும் இது சரியான விடை.

இரண்டாவது, புகழ்ச்சி. மன்னரின் புகழ் எங்கும் பரவியதாகப் பாடுவது கவிஞரின் தொழில். அதில் எண்ணும் எல்லையும் தேடுவது வீண். ஆனாலும் புகழ்ச்சிக்குள் சில வேளை செய்தி மறைந்திருக்கும். இச்செப்பேட்டின் செய்யுள் பாண்டியரைக் குறிப்பிட்டு, அரிசிலாற்றங்கரையில் பகைவரை அழித்த போர் ஒன்றைச் சொல்கிறது. பெயருள்ள ஆறு, பெயருள்ள அரசகுலம். இவை வந்தவுடன் அச்சொல் சோதனைக்கு உரியதாகிவிடுகிறது. மற்றக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்துமா, முரண்படுமா என்று கேட்கலாம்.

மூன்றாவது, ஆணை. அமைச்சரின் வேண்டுகோளின் பேரில் மன்னர் ஊர்களைக் கொடுக்கிறார். இது இன்ஷா. கொடுத்தவர் கொடுக்கும் உரிமை உடையவரா என்பதே கேள்வி.

நான்காவது, நாட்டாரின் குரல். இது தமிழில் வருகிறது. அரசரின் ஓலை வந்ததும் அதைப் பணிந்து ஏற்று, எல்லையை நடந்து பார்த்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்தவர்கள் அவர்கள். நான்கு திசையிலும் எது எல்லை என்று கூறுகிறார்கள். நம் மொழியில் சொன்னால் இது கண்ணால் கண்டவரின் ஷஹாதத். இங்கே பாட்டும் இல்லை, உவமையும் இல்லை. எல்லை தவறினால் பக்கத்து ஊர்க்காரர் மறுநாளே வழக்குக்கு வருவார். ஆகவே தவறாகச் சொல்வதற்கு வழியும் குறைவு. வரலாற்றாசிரியர்கள் இந்தப் பகுதியை அதிகம் நம்புவதற்குக் காரணம் இதுவே.

ஒரே உலோகம், ஒரே வளையம், ஒரே அரசர். உள்ளே நான்கு வகைச் சொற்கள். முதற்பகுதியை ஏற்க முடியவில்லை என்று நான்காம் பகுதியைத் தூக்கி எறிந்திருந்தால், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் ஓர் உயர்கல்விச் சாலை இருந்தது என்னும் செய்தியையே இழந்திருப்போம்.

கேட்டதும் கண்டதும்

பாகூரில் எழுத்தில் இல்லாத செய்திகளும் உண்டு. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்னும் சகோதரியர் இருவர் இதை வெட்டுவித்தனர் என்பது வட்டாரத்தில் வழங்கும் கதை. வாய்க்கால் கண்முன் ஓடுகிறது, அதில் ஐயமில்லை. பெயரும் நிலைத்திருக்கிறது. கதையோ அப்பெயருக்குக் காரணம் சொல்ல முயல்கிறது. 'பங்காரு' என்றால் தெலுங்கில் பொன். 'சொர்ணம்' என்றாலும் பொன்தான். சொர்ணாவூரிலிருந்து வரும் வாய்க்காலுக்கு அப்பெயர் வந்தது அதனால்தானோ என்று நமக்குத் தோன்றுகிறது. கவனியுங்கள்: இப்போது நாம் சொன்னது ஊகம். அது சாட்சியமும் அன்று, மரபுக் கதையும் அன்று. ஊகத்தை ஊகம் என்றே சொல்லிவிட்டால் எவருக்கும் தீங்கில்லை. அடுத்தவர் அதை வரலாறு என்று எழுதும்போதுதான் கேடு தொடங்குகிறது.

இந்த நேர்மையை நம் புதுச்சேரியின் புகழ்பெற்ற நாட்குறிப்பிலும் காணலாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761இல் இறக்கும் காலம் வரை எழுதி வந்தார். தாம் காதால் கேட்பவை, கண்ணால் காண்பவை, கப்பல்களின் வரவு போக்கு, நடக்கும் புதுமைகள் ஆகியவற்றை எழுதுவதாகத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார். கேட்டது வேறு, கண்டது வேறு என்னும் உணர்வு அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. அவர் துபாஷ், துய்ப்ளேக்ஸ் துரையின் அருகில் இருந்தவர், வணிகரும் கூட. எனவே துரையின் அறையில் தாமே கேட்டதை எழுதும்போது அவருடைய சொல்லுக்கு ஓர் எடை. ஆற்காட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த சேதியை எழுதும்போது வேறோர் எடை. தமக்குப் போட்டியானவரைப் பற்றி எழுதும்போது இன்னோர் எடை. எழுதியவர் ஒருவரே என்பதால் எல்லா வரியும் ஒரே தரமாகிவிடாது. ஹதீஸ் அறிஞர்கள் அறிவிப்பாளரை எடை போடும்போது அவருடைய நேர்மையோடு, அச்செய்தி அவருக்கு எந்த வழியில் வந்தது என்பதையும் கேட்பார்கள். அதே கேள்வியைப் பிள்ளையின் ஏடுகளுக்கும் போடலாம்.

அக்காலத்தில்தான், 1749-50ஐ ஒட்டி, சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் அளித்த கொடையாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. அந்தக் கொடையை எப்படிப் படிப்பது? "கொடுத்தோம்" என்பது இன்ஷா என்று கண்டோம். கொடுத்தவர் ஆற்காட்டின் நவாபா என்பதே அன்றைய போரின் பொருள். பிரெஞ்சுக்காரர் ஆம் என்றனர். முகமது அலியை ஆதரித்த ஆங்கிலேயர் இல்லை என்றனர். 1752இல் பாகூரிலேயே இரு படைகளும் மோதின. கொடைப் பத்திரம் உண்மையானது என்றே வைத்துக்கொண்டாலும் கேள்வி தீரவில்லை. அது செல்லுமா என்பதற்கே இத்தனை இரத்தம் சிந்தப்பட்டது. பொய்ப் பத்திரம் வேறு, செல்லாப் பத்திரம் வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் நீதிமன்ற வாசலில் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

எழுத்துக்குள்ளே இருக்கும் சாட்சி

பொய்ப் பத்திரத்தைக் கண்டுபிடிக்கும் கலையிலும் நம் முன்னோர் தேர்ந்தவர்களே. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் ஓர் ஆவணம் வெளிப்பட்டது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாகவும், அதற்கு ஸஹாபாக்கள் சாட்சிக் கையொப்பம் இட்டதாகவும் அதில் இருந்தது. அமைச்சர் அதை ஹதீஸ் மேதை கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் அனுப்பினார். அவர் பார்த்துவிட்டுப் போலி என்றார். எப்படி? சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரலி). அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது. கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7. மற்றொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்கள் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். தாளையோ மையையோ அவர் ஆராயவில்லை. அவ்வாவணம் தன்னைப் பற்றித் தானே சொன்ன செய்தியை, ஐயமற அறிந்த காலக்கணக்கோடு ஒட்டிப் பார்த்தார், போதுமானதாயிற்று.

இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய முகத்திமாவில் இன்னொரு படி மேலே போகிறார். மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சம் பேருக்கு மேல் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வந்ததை எடுத்துக்கொண்டு, அத்தனை பெரிய படை ஒரு களத்தில் எப்படி அணிவகுக்க முடியும், சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அந்த அளவு பெருகுமா என்று கேட்கிறார். அவர் வகுக்கும் விதி நமக்கு மிக முக்கியமானது. மார்க்கக் கட்டளைகளைத் தாங்கிவரும் அறிவிப்புகள் பெரும்பாலும் இன்ஷா. அங்கே அறிவிப்பாளர் நேர்மையானவரா என்று அறிந்தால் போதும். ஆனால் நடந்த நிகழ்ச்சியைப் பற்றிய செய்தியில், அது நடக்கக் கூடியதுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சொல்லின் வகை மாறினால் சோதனையும் மாறும் என்பதே இதன் சாரம்.

மீண்டும் அந்த நோட்டுக்கு

சகோதரர் இருவரையும் அமர வைத்து நோட்டை வரி வரியாகப் பிரித்தோம். வம்சாவளி: பாட்டனார் தம் முன்னோரிடம் கேட்டது. இடையில் எத்தனை தலைமுறை விடுபட்டது என்று தெரியாது. குடும்பத்தின் நினைவாகப் போற்றலாம்; அச்சடித்து அதன் பேரில் மற்றவரைவிட உயர்வு கொண்டாடக் கூடாது. பாயில் கடல் கடந்த செய்தி: இறைநேசர்களின் கராமத்தை அஹ்லுஸ் ஸுன்னா ஏற்கிறோம். ஆனால் கராமத் நிகழக் கூடும் என்பது அகீதா. இந்தக் கராமத் நிகழ்ந்தது என்பது கபர். முன்னதை ஏற்பவர் பின்னதற்குச் சான்று கேட்கலாம். கேட்பதால் ஈமான் குறையாது. கடைசி வரி துஆ. அதை உண்மை பொய் என்னும் தராசில் வைக்கவே முடியாது. அல்லாஹ்வை அஞ்சுபவர் அதைக் கண்டு அஞ்சுவார்.

நிலத்தைப் பற்றிய வரிக்கு வந்ததும் இளையவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "தம்பி, இந்த வரியை எழுதியதால் உங்கள் பாட்டனாருக்கு இலாபமா நட்டமா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நட்டம்தான், ஹஜ்ரத்" என்றார். தம் கையிலிருக்கும் பொருளில் இன்னொருவருக்கு உரிமை உண்டென்று ஒருவர் தாமே ஒப்புக்கொள்வது இக்ரார். ஃபிக்ஹில் அதற்குத் தனி எடை உண்டு. பெருமைக்காக ஒருவர் கதை கட்டலாம்; தம் குடும்பம் இழப்பதற்காக யார் கதை கட்டுவார்? வம்சாவளி எழுதியவரின் மதிப்பை உயர்த்துகிறது. ஆகவே கூடுதல் சான்று கேட்கிறோம். விளக்கெண்ணெய் வரி அவர் மீது சுமையை ஏற்றுகிறது. ஆகவே அதைக் கூடுதலாக நம்புகிறோம். ஒரே கை எழுதிய இரு வரிகள்; தராசு வேறு.

பிறகு இளையவரே நோட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். நான்கெல்லையில் மூன்று இன்றும் பொருந்தின; நான்காவதாகச் சொல்லப்பட்ட புளியமரம் இல்லை. பாகூர் நாட்டார் நடந்ததைப் போல அவரும் எல்லையை நடந்துதான் தெளிந்தார். சட்டப்படி அது வக்ஃபு ஆகுமா என்பதை ஜமாஅத்தாரும் அறிந்தவர்களும் முடிவு செய்வார்கள். அதற்குக் காத்திராமல் அவ்வாண்டு விளைச்சலிலிருந்து ஒரு தொகையைப் பள்ளிவாசலில் சேர்த்துவிட்டார். மூத்தவர் வம்சாவளியை இதுவரை அச்சடிக்கவில்லை.

பெற்றோரே, உங்கள் கைபேசிக்கு நாள்தோறும் வரும் செய்திகளும் இத்தகைய நோட்டுகளே. ஒரு ஆயத்தின் பொருள், அதன்கீழ் ஒரு ஹதீஸ், அதன்கீழ் யாரோ ஒருவரின் விளக்கம், அதன்கீழ் ஒரு மருத்துவக் குறிப்பு, கடைசியில் பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை என்னும் வாக்குறுதி. எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே பெட்டிக்குள். பிள்ளைகளுடன் அமர்ந்து, இது யாருடைய சொல், இது செய்தியா ஏவலா துஆவா ஊகமா என்று ஒருமுறை கோடு கிழித்துப் பாருங்கள். உண்மையா பொய்யா என்னும் கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

கேட்டதைத் தெளிந்து ஏற்கும் பக்குவத்தையும், நமக்கு நட்டமானாலும் உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.